நர்ஸம்மா இல்லாத மதியம்

அன்று மதியம் பிரசவ அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வலியோடு வந்த பெண், அவளுடைய மாமியார், சுகாதார நிலையத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா, நான். இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். என்னோடு முறை மாற்றி வேலை பார்க்கும் சிஸ்டர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு. பெண்ணின் கணவன் நெய்து முடித்த சேலையை முதலாளியிடம் ஒப்படைக்கப் பெரிய காஞ்சிபுரம் போயிருந்தான். அந்த மாமியார் என்னைத் தாண்டி அறை முழுக்கத் தேடிவிட்டுக் கேட்டார்:

"நர்ஸம்மா இல்லியா?"

"நான்தாம்மா இன்னிக்கு டூட்டி நர்ஸ்" என்றேன்.

கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார். என் அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாள்.

அப்பா வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா தெருவில் எல்லாரிடமும் மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்றாள். அப்பா அதைத் திருத்தி, கம்பவுண்டருக்கு என்றார். நான் படித்தது நர்சிங் பட்டம். அதில் பிரசவம் பார்ப்பதும் சேர்த்தி. பட்டம் வாங்கிப் பதிவு செய்தபோது செவிலியர் என்றும் மருத்துவச்சி என்றும் இரண்டாகவும்தான் பதிவு செய்தார்கள். இதை இன்றுவரை நான் வீட்டில் விளக்கிச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா முதலில் சிரிப்பாள், அப்புறம் யாரிடமும் சொல்லாதே என்பாள்.

எங்கள் வகுப்பில் பையன்கள் கொஞ்சம் பேர். பிரசவ வார்டில் பயிற்சி போட்ட நாட்களில் மற்றவர்கள் கேண்டீனில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் தேடவும் மாட்டார்கள். நான் மட்டும் வார்டு கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளிருக்கும் சிஸ்டர் ஒவ்வொரு பெண்ணிடமும், ஒரு தம்பி படிக்கிறான், உள்ளே வரட்டுமா என்று கேட்பார். பெரும்பாலும் வேண்டாம் என்று பதில் வரும். அது அவர்கள் உடம்பு, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். சரி என்று சொன்ன சிலரும் நான் உள்ளே போனதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தங்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். அவர்கள் என்னைப் பார்க்காவிட்டால் நான் அங்கே இல்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறது. அதனால் நான் பார்த்த பிரசவங்களில் ஒரு தாயின் முகமும் எனக்குத் தெரியாது. மெட்டி போட்ட கால்விரல்கள் தெரியும். மூடிய துணிக்குள்ளிருந்து வந்த குரல்கள் தெரியும். முதல்முதலாக ஒரு தலை என் உள்ளங்கையை முட்டிக்கொண்டு வந்தபோது, அதைத் தாங்கி மெல்ல விடவேண்டிய அளவு என் கைக்குத் தானாகவே தெரிந்தது. அன்று சாப்பிடப் போகாமல் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

பட்டம் வாங்கி, ஐயம்பேட்டைக்கு அப்பால் இந்தச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, எனக்குக் கிடைத்ததெல்லாம் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, சர்க்கரை மாத்திரை எண்ணிக் கொடுப்பது. வலி வந்த பெண்கள் சிஸ்டர் முறை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வெளி பெஞ்சில் காத்திருந்தார்கள். காஞ்சிபுரத்தில் பட்டு விற்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டபோது ஆஸ்பத்திரியில் என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் தறி ஓடும். அது நிற்கும் நேரத்தில்தான் அறையில் நான் ஒருவனே இருப்பது உறைக்கும்.

அன்றுதான் முதல்முறையாக என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை. படித்த வேலையைச் செய்யப் போகிறேனா, கடைசிவரை ஊசி போடுகிறவனாகவே இருந்துவிடுவேனா என்பது இந்தப் பெண்ணோடு தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தட்டில் கருவிப் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். பிறந்த குழந்தையைச் சூட்டில் கிடத்தும் வார்மரைப் போட்டுவிட்டேன்.

மாமியார் ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுத்தார். எனக்கும் மருமகளுக்கும் நடுவே தன் தலைப்பைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு, வயிற்றின்மேல் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்க விட்டார். துடிப்பு சீராக ஓடியது. வலி அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள்ளே கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், இங்கேயே பிறந்துவிடுமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேரம் இருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றேன்.

மாமியார் துடைப்பத்தோடு நின்றிருந்த அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, நீ பொம்பளதான, நீயே கை வெச்சுப் பாத்துச் சொல்லேன்."

"நான் பெருக்கறவமா" என்றார் அக்கா. "நல்லாருக்குது. அந்தத் தம்பி இதுக்குன்னே படிச்சிட்டு வந்துக்கீறாரு, என்னைக் கூப்புடற."

"படிச்சா? ஆம்பள இன்னாத்துக்கு இத்தப் படிக்கணும்?"

கட்டிலிலிருந்து அந்தப் பெண்தான் பேசினாள்.

"முடியல அத்த. அவரே பாக்கட்டும்."

"நீ சும்மா இரு. நாளைக்கு உன் புருசனுக்கு யார் பதில் சொல்றது?"

அவள் சம்மதம் போதும், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று மாமியாரிடம் சொன்னேன். பெண்ணிடம் குனிந்து, நீங்கள் சொல்லுங்கள், பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். அவள் போய் வாழவேண்டிய வீடு அந்த அம்மாவுடையது. தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் போன் அணைந்திருந்தது. சிஸ்டர் எடுத்து, காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வர நேரமாகும், ஆம்புலன்ஸில் அனுப்பிவிடு என்றார். 108-ஐக் கூப்பிட்டேன். சீக்கிரமே வந்துவிட்டது. ஓட்டுநரும் உதவியாளரும் இறங்கினார்கள். இரண்டு பேரும் ஆண்கள்.

மாமியார் அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலுக்குப் போய், காஞ்சிபுரம் போகத் தாங்கள் வந்த பக்கத்து வீட்டு ஆட்டோவையே திரும்பக் கூப்பிட்டார்.

ஒரு சுத்தமான விரிப்பையும், கையுறைகளையும், தொப்புள்கொடிக்குப் போடும் கிளிப்பையும் ஒரு பையில் போட்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த மாமியாரின் மடியில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். மருமகளிடம் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னேன். வலி வரும்போது முக்க வேண்டாம், விளக்கை ஊதி அணைப்பதுபோல ஊதிக்கொண்டே இருங்கள் என்றேன். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். ஆட்டோவில் இடமில்லை என்றார் மாமியார். ஆம்புலன்ஸ் உதவியாளர் என் தோளைத் தட்டினார்.

"நாங்க பின்னாடியே போறோம் பிரதர். வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா எறங்கிப் பாத்துக்கறோம்."

அப்படித்தான் போனார்கள். முன்னால் ஆட்டோ குலுங்கிக்கொண்டு போனது. பின்னால் உள்ளே யாருமில்லாத ஆம்புலன்ஸ், விளக்கைச் சுழற்றிக்கொண்டு, அதை முந்தாமல் போனது.

திரும்பி வந்தபோது வார்மர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைப்பதற்கு முன் அதன் அடியில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ஒரு குழந்தைக்கு வேண்டிய சூடு சரியாக இருந்தது. பிரிக்காத கருவிப் பொட்டலத்தை மறுபடி அலமாரியில் வைத்தேன். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். தேவைப்பட்டுத்தான் செய்திருக்கலாம். உள்ளே பார்க்காத நான் அதைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் பல நாட்கள் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தச் சீரான துடிப்பு காதில் ஓடியது.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்கு ஒரு புதன்கிழமை வந்தார்கள். ஊசிக்கு நான் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மாமியார் தானே குழந்தையை என் கையில் கொடுத்தார். நல்ல எடை. தலை என் உள்ளங்கையில் அடங்கியது. மருமகள் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தது அன்றுதான்.

"நீங்க சொன்னீங்கள்ல சார், ஊதச் சொல்லி" என்றாள் மெதுவாக. "வழி முச்சூடும் ஊதிக்கினே போனேன்."

நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் யார் பிரசவம் பார்த்தார்கள் என்று மாமியாரைக் கேட்டேன்.

"பெரிய டாக்டரு தம்பி. ஆம்பள டாக்டருதான், ஆனா தங்கமான கை" என்றார். மயக்க ஊசி போட்டவரும் ஆம்பளைதானாம். அதை அவர் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. அன்றைய மதியத்துக்கும் இதற்கும் ஏதும் தொடர்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. முதலாளியிடம் மகன் முன்பணம் வாங்கித்தான் பில்லைக் கட்டினான், இனி அதைக் கழிக்கும்வரை வேறு தறிக்குப் போக முடியாது என்று வருத்தப்பட்டார்.

குழந்தையின் தொடையில் ஊசியை இறக்கினேன். அலறியது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு ஆச்சும்மா என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு நாப்பத்தெட்டாயிரம்" என்றார். "ஆட்டோக்காரனுக்கு ஐநூறு."