கண்ணாடிப் பூச்சு பன்னிரண்டு ரூபாய்

சைக்கிள் விற்பது பெரிய வித்தை இல்லை. வாங்க நினைத்துத்தான் கடைக்கு வருகிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்து அவர்கள் தலையில் கட்டுகிறோமே, அதுதான் வித்தை. சட்டைத்துணி வாங்க வந்தவருக்கு லைனிங் துணியும், இருமல் மருந்துக்கு வந்தவருக்கு டானிக்கும் விற்றவர்கள் உங்களில் இருப்பீர்கள். முதலாளி சொல்லிக்கொடுத்ததை முகம் சிவக்காமல் சொல்லிப் பிழைக்கும் நம் ஜாதிக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் சைக்கிள் கடை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் சேர்ந்தேன். புதுச் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு ‘கண்ணாடிப் பூச்சு’ என்று ஒன்று வைத்திருந்தார் முதலாளி. பெயின்டுக்கு மேல் அடிப்பது. மழை, வெயில், துரு, கீறல் நான்குக்கும் அது ஜவாப்தாரி. விலை பன்னிரண்டு ரூபாய். உண்மையில் அது வார்னிஷ்தான். டர்பன்டைன் விட்டுக் கலக்கி, வாசனைக்கு ஒரு சொட்டு சென்ட் விடுவார்கள். ஒரு சைக்கிளுக்கு எட்டணாச் சரக்குக்கு மேல் செலவாகாது.

பங்குனியில் என்னைச் சேர்க்கும்போதே முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: “ஆவணி முடியிறதுக்குள்ள முப்பது பூச்சு வித்துக் காட்டணும். வித்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற எடம் பாத்துக்க.” வேறு இடம் எனக்குத் தயாராகவே இருந்தது. மாமா வேலை பார்த்த தோல் ஷாப்பு, தோல் பதனிடுகிற இடம். திண்டுக்கல்காரர்களுக்கு அந்த வாடையைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாது. அந்தப் பக்கமிருந்து காற்றடித்தாலே எனக்கு இரண்டு வேளைச் சோறு இறங்காது.

இதில் இன்னொரு சங்கடம், எனக்குக் குரலே எழும்பாது. வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதைகளுக்கெல்லாம் ‘ஊம்’ கொட்டியே வளர்ந்தவன். அந்த ‘ஊம்’முக்கு மேல் சத்தம் வெளியே வந்து பழக்கமில்லை.

மழைக்குத் தாங்கும்

என் முதல் ஆள் குஜிலியம்பாறைப் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி. சைக்கிளைச் சுற்றி மூன்று தரம் நடந்தார், மணியை அடித்துப் பார்த்தார், ஸ்டாண்டை ஏற்றி இறக்கினார். எல்லாம் பிடித்துப் போயிற்று. நான் பக்கத்தில் போய், “இதுக்கு மேல ஒரு கண்ணாடிப் பூச்சு அடிச்சா நல்லதுங்க” என்றேன். “என்னது?” என்றார். மறுபடி சொன்னேன். காதில் கையை வைத்துக்கொண்டு மறுபடி “என்னது?” என்றார். மூன்றாவது தடவை எனக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து, “மழைக்குத் தாங்கும்” என்பது மட்டும்தான் வந்தது.

அவர் வாசலுக்கு வெளியே வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. பாவம் என்று நினைத்தார் போலிருக்கிறது. தோளில் கை வைத்துச் சொன்னார்:

“அப்பு, எங்க ஊர்ல மழை பேஞ்சு ரெண்டு வருசமாச்சு. மழைக்குத் தாங்குற பூச்சு எனக்கு எதுக்கு? மழைய வரவழைக்கிற பூச்சு இருந்தாச் சொல்லு, ரெண்டு தடவ அடிச்சுக்கிறேன்.”

ஒட்டன்சத்திரத்துக் கேள்வி

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சில் அவ்வளவு மரியாதை. நான் பூச்சைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். இந்தத் தடவை முழுக்கச் சொல்லிவிட்டேன் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

“ஏனுங்க தம்பி, அப்ப கம்பெனிக்காரன் அடிச்ச பெயின்ட்டு சரியில்லைங்களா?” என்றார். இந்தக் கேள்விக்கு முதலாளி பதில் சொல்லித் தரவில்லை. சரியில்லை என்றால் சைக்கிள் போகும். சரி என்றால் பூச்சு போகும். “நல்ல பெயின்ட்டுங்க” என்றேன். “அப்பப் பூச்சு எதுக்குங்க?” “பெயின்ட்டைக் காப்பாத்துறதுக்குங்க.” “பெயின்ட்டு எதுக்குங்க?” “இரும்பைக் காப்பாத்துறதுக்குங்க.” அவர் தலையை ஆட்டினார். சின்ன வயதில் கேட்ட சங்கிலிக் கதைகளில் இப்படித்தான் கேள்வி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும். கடைசியில் மாட்டுகிறவன் யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“செரீங்க. இரும்பைப் பெயின்ட்டு காப்பாத்துதுங்க, பெயின்ட்டைப் பூச்சு காப்பாத்துதுங்க. பூச்சை ஆருங்க காப்பாத்துவாங்க?”

பேப்பரோடு

கம்பெனியிலிருந்து வரும் சைக்கிளின் உடம்பு முழுவதும் பழுப்புப் பேப்பர் சுற்றியிருக்கும். வழியில் கீறல் விழாமல் இருப்பதற்காக. வாங்கியதும் கிழித்துப் போட வேண்டியதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பேப்பரை யாரும் கிழிக்க விடமாட்டார்கள். பேப்பர் இருக்கும்வரைதான் அது புதுச் சைக்கிள். ஒரு வருஷம் ஓட்டி, பேப்பர் தானாக நைந்து தொங்கினாலும், அதன் மேல் நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சைக்கிள் வாங்கினார். கிறிஸ்தவர், பொறுமைசாலி. நான் சொல்ல ஆரம்பித்ததுமே பூச்சுக்கு ஒப்புக்கொண்டார். போகும்போது, “பேப்பரை மட்டும் எடுத்திர வேண்டாம் தம்பி” என்றார். நானும் வேலைச் சீட்டில் இரண்டையும் எழுதினேன்: ‘பூச்சு உண்டு. பேப்பர் எடுக்கக் கூடாது.’ இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஃபிட்டர் சவரி அண்ணனுக்குச் சீட்டில் உள்ளதைச் செய்துதான் பழக்கம். பேப்பரை எடுக்கவில்லை. பூச்சை அடித்தார். பேப்பரின் மேலேயே அடித்தார்.

மறுநாள் சைக்கிள் தேன் தடவியது போல மின்னிக்கொண்டு நின்றது. தட்டினால் அப்பளம் மாதிரிச் சத்தம். வாத்தியார் சந்தோஷமாக ஓட்டிப் போனார். நான்கு மாதம் கழித்து, ஒரு பெருமழைக்குப் பிறகு, கடைக்கு வந்து இறங்கினார். நான் கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

“உங்க பூச்சு அருமையான பூச்சு தம்பி. அம்புட்டு மழையிலயும் பேப்பருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா உள்ள இருக்கிறது பச்சையா கறுப்பான்னு வீட்ல கேக்குறாங்க, பில்லைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வாசலில் நின்றது

முதலாளியின் சொந்தச் சைக்கிள் எப்போதும் கடை வாசலில்தான் நிற்கும். அதில் துரு இல்லாத இடம் சீட்டு மட்டும்தான், அது தோல் என்பதால். ஒரு நாள் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த ஒருவர் எங்கள் பூச்சு விளம்பரத்தையும் அந்தச் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது யாருதுப்பா?” என்றார். சொல்லிக்கொடுக்காத பொய் என் வாயில் வராது. முதலாளியைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

“பூச்சு அடிக்காத சைக்கிள் எந்தக் கதிக்கு வரும்னு ஜனங்களுக்குக் காட்டத்தானுங்க அத வாசல்லயே நிப்பாட்டியிருக்கேன்.”

ரகசியம்

இப்படிப் போனால் ஆவணிக்குள் முப்பது எங்கே வரும்? வைகாசி முடியும்போது என் கணக்கில் ஏழுதான் இருந்தது. தோல் ஷாப்பு மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம், “எப்ப வாரே?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் மாவு மில் வைத்திருந்த ஒருவர் வந்தார். மில் சத்தத்தில் இருந்து இருந்து அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். என் குரலோ உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் குனிந்துகொண்டே வந்தார். கடைசியில் அவர் காதுக்கும் என் வாய்க்கும் நடுவில் நாலு விரற்கடை இடம்தான். அவர் ஒரு தரம் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார், ஒரு தரம் தெருவைப் பார்த்தார், நான் ஏதோ வெளியே சொல்லக் கூடாததைச் சொல்கிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டார். பன்னிரண்டு ரூபாயை என் கையில் பொத்தி வைத்தார். எனக்கே கூச்சமாகிவிட்டது. “நல்லா யோசிச்சுக்குங்க” என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் என்னை இருபத்தொன்பது வரைக்கும் கொண்டுபோய் விட்டது:

“கூவிக் கூவி விக்கிறவன நான் நம்ப மாட்டேன் தம்பி. நீங்க சொல்லவே இம்புட்டுத் தயங்குறீங்க பாருங்க, அப்ப அது நல்ல சரக்குதான்.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்

பூச்சு அடித்தால் ஒரு பகல், ஒரு ராத்திரி காய வேண்டும். ஆனால் தாடிக்கொம்புப் பூ வியாபாரி வந்தது வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சைக்கிள் பெருமாள் கோயில் வாசலில் நிற்க வேண்டும். பூச்சும் வேண்டும். சவரி அண்ணன், “காயாம குடுக்க ஏலாது” என்றார். முதலாளி, “ஓட்டிப் போற காத்துலயே காஞ்சிரும், குடு” என்றார். குடுத்தோம்.

கோயிலில் சைக்கிளுக்குப் பூசை நடந்தது. ஹேண்டில்பார், மட்கார்டு, செயின் மூடி எல்லாவற்றிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, நல்ல மல்லிகை மாலையாக ஒன்றும் சாத்தினார்களாம். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் பூச்சோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. மாலையை எடுத்தபோது நாலைந்து இதழ் மாலையோடு வரமாட்டேன் என்று ஹேண்டில்பாரிலேயே தங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் புருஷனும் பெண்சாதியுமாகக் கடைக்கு வந்தார்கள். அவர் சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். “என்னய்யா பூச்சு இது? ஒரசுனாலும் போகல, தேச்சாலும் போகல!” என்றார். இந்தத் தடவை முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அந்த அம்மாள் நடுவில் புகுந்தார்:

“நீங்க செத்த நேரம் சும்மா இருங்க. போன சைக்கிளுக்கு வெள்ளிக்கு வெள்ளி தொடச்சுப் பொட்டு வச்சு என் கைதான் தேஞ்சுச்சு. இது ஒரு தடவ வச்சது ஆயுசுக்கும் இருக்கும்ல!”

முப்பதாவது

ஆவணிக் கடைசி வாரம். என் கணக்கில் இருபத்தொன்பது. கடையில் மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு சைக்கிள். அடுத்த லோடு புரட்டாசியில்தான் வரும். அந்த ஒரு சைக்கிளை வாங்குகிறவர் பூச்சு வேண்டாம் என்றால் நான் தோல் ஷாப்புக்குப் போக வேண்டியதுதான்.

வாங்க வந்தவர்கள் கன்னிவாடிக் காய்கறிச் சம்சாரியும் அவர் வீட்டம்மாவும். மகளுக்கு அந்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சைக்கிள் சீர். அவர் இடுப்பு மடியை அவிழ்த்து ரூபாய்களை எடுத்தார். கத்திரிக்காயும் அவரைக்காயும் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ச் சேர்த்த நோட்டுகள். ஒவ்வொன்றும் எட்டாக மடிந்திருந்தது. அவர் ஒவ்வொன்றையும் தொடையில் வைத்து நீவி நீவிக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பூச்சைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அவரே கேட்டார்: “அங்க பூச்சுன்னு எழுதிப் போட்டிருக்கே, அது அடிக்கணுமா தம்பி?” முதலாளி உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் குரலை இன்னும் தாழ்த்தி, “வேணாங்க. வாரத்துக்கு ஒரு தடவ தேங்காயெண்ணெய் தொட்டுத் தொடச்சாலே போதும்” என்றேன். சொல்லி முடித்ததும் தோல் ஷாப்பு வாடை மூக்கில் ஏறியது போல இருந்தது.

அவர், “அப்பச் சரி” என்று மடியைக் கட்டினார்.

“என்னத்தச் சரி?” என்றார் வீட்டம்மா. என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க நல்ல பிள்ளை. ஆனா நீங்க பொண்ணு கட்டிக் குடுத்தவரு இல்ல. எங்க சம்பந்தியம்மா சைக்கிளயா பாக்கப் போறாக? சீர்த்தட்டுல வைக்கிற பில்லத்தான் பாப்பாக. அதுல சைக்கிளுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கணும்.”

“அப்ப அடிச்சிரவாம்மா? நாளைக்குத்தான் காயும்” என்றேன்.

“காயுறவரைக்கும் யாரு உக்காந்திருக்கது? சாயங்கால பஸ்ஸு மேல ஏத்திக்கிட்டுப் போகணும். நீங்க அடிக்க வேணாம். பன்னெண்டு ரூபாய வாங்கிக்கிட்டு எழுதிக் குடுங்க, போதும்.”

பில்லோடு முதலாளியிடம் போனேன், நடந்ததையும் சொன்னேன். “அடிக்காமலே வித்தியா?” என்று என்னை அவர் பார்த்த பார்வையில் முதல் தடவையாக மரியாதை இருந்தது. “ஏலே சவரி, இவன் நாளையிலருந்து நிரந்தரம்” என்றார். நான் தேங்காயெண்ணெய் வாங்கி வந்து, பஸ் வரும்வரை அந்தச் சைக்கிளை நானே உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தேன். சைக்கிளைக் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டுச் சம்சாரி பஸ்ஸுக்குள் போனார். வீட்டம்மா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே பில்லை விரித்து இன்னொரு தரம் பார்த்தார். முகத்தில் ஒரு குறை தெரிந்தது.

“ஏந் தம்பி, பன்னெண்டு ரூபா கொஞ்சம் கம்மியாத் தெரியுதே. இருவத்தஞ்சு ரூபாயில வேற பூச்சு எதுவும் நீங்க வச்சுக்கிறது இல்லையா?”

நான் விற்ற முப்பது பூச்சில் உரியாமல், வெடிக்காமல், ஒருவரிடமும் ஒரு குறை கேட்காமல் இன்றுவரை உழைத்துக்கொண்டிருப்பது, அடிக்கவே அடிக்காத அந்த ஒன்றுதான்.