கற்பனைப்படி நிறுத்தினேன்

ஓணம் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, வி.பி. சாரின் வெள்ளைக் கார் இறால் ஆலையிலிருந்து புறப்பட்டது. சென்னையிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை வந்துபோகும் வைஸ் பிரசிடென்ட் அவர். அவருடைய முழுப்பெயர் ஆலையில் யார் வாயிலும் வந்ததில்லை. கேட்டருகே கார் நின்றது. கண்ணாடியைப் பாதி இறக்கி, சூப்பர்வைசர் ரெபேக்காளைக் கைகாட்டி அழைத்தார்.

"அந்த அலாரத்தை ஆஃப் பண்ணும்மா. காலையிலேர்ந்து ரெண்டு தடவை எல்லாரையும் வெளியே ஓட வெச்சிருச்சு. கண்டெய்னர் மூணு மணிக்குக் கிளம்பியாகணும்."

"சாரே, வால்வுல கொறச்சு லீக் உண்டு..."

"அடுத்த வாரம் ஆள் வரும். நான் பாத்துக்கறேன்."

கண்ணாடி ஏறியது. கார் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்விட்டது.

ரெபேக்காளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வயதில் திருப்புறத்திலிருந்து இறால் உரிக்க வந்தவள். ஐஸ் தண்ணீரில் விரல் நுனிகள் வெடித்து வெடித்து ஆறி, இருபது வருடம் உரித்த பிறகுதான் சூப்பர்வைசர் ஆனாள். குளிரறைக் குழாய்களில் ஓடும் அமோனியா கசிந்தால் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அலாரப் பெட்டியின் சாவியும் அவளிடமே இருந்தது.

அலாரம் அடிக்காதபடி சாவியைத் திருப்பினாள். பெரிய ஆள் ஒருவர் ஏற்றுக்கொண்டாரே என்ற ஆறுதல்கூட இருந்தது.

ஒன்றே காலுக்கு வால்வு பிய்த்துக்கொண்டது. குளிரறைக்குள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஷெமிக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வெள்ளையாக ஏதோ படர்வதைப் பார்த்தாள். அவள் கதவைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் கண்கள் வெந்துவிட்டன. இருபத்துமூன்று வயதுப் பெண்.

அன்றிலிருந்து ரெபேக்காளுக்குப் பயம் பிடித்தது. வீட்டுக்கு வரும் இடவழியில் எந்த வண்டி திரும்பினாலும் கையில் இருப்பது கீழே விழும். ரப்பர் வெட்டப் போகும் அவள் புருஷன் பாலையன் ஒருநாள் சிரித்துப் பார்த்தான்.

"ஏட்டீ, அது கேஸ் வண்டியாக்கும். ஒன்னப் பிடிக்க வாற போலீசு சிலிண்டரும் தூக்கிட்டா வரும்?"

அவள் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் இரண்டு சேலையும் பைபிளும் எடுத்து வைத்திருந்ததை அவன் பிறகுதான் பார்த்தான். ஜெயிலுக்குப் போக அவள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

வி.பி. சார் சொன்னதைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் வாட்ச்மேன் கிருஷ்ணன்குட்டி. அவனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பக்கத்துலதானே நிண்ணிய?"

"கேட்டு திறக்கியதாக்கும் எனக்க பணி," என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "காது திறக்கியதுக்கு எனக்கு சம்பளம் இல்ல, பாத்துக்க."

பத்தாம் நாள் சென்னையிலிருந்து கம்பெனி வக்கீல் ஒருவர் வந்தார். ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிரசீதா ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சேச்சி, பேடிக்கண்டா, பயப்படவே வேண்டா. நடந்தது எழுதிக் குடுத்தா போதும். தமிழ்லயே எழுதிக்கோ. பின்ன, ஆருக்க பேரும் வேண்டா கேட்டோ. பேரு எழுதினா வக்கீல் சாரு தனியா இருத்தி கேள்வி மேல கேள்வி கேக்கும்."

ரெபேக்காள் பேனாவை வாங்கினாள். வி.பி. சார் என்று எழுதினால் என்ன வரும் என்று யோசித்து யோசித்து, மூடியைத் திறந்து திறந்து மூடினாள். கடைசியில் ஒரே வரி எழுதினாள்: 'கற்பனைப்படி அலாரத்தை நிறுத்தினேன்.'

கேரள எல்லையோரத்து அந்தப் பக்கத்தில் கற்பனை என்றால் உத்தரவு. மலையாளத்தில் மகாராஜா இட்டது கல்பனை; அவளுடைய சபையில் மோசேக்குக் கடவுள் கொடுத்தது பத்துக் கற்பனை. மேலே இருந்து வந்தது, மீற முடியாதது என்று சொல்ல அவளிடம் அதைவிடக் கனமான சொல் இல்லை. பெயரும் எழுதவில்லை, பொய்யும் எழுதவில்லை என்று அன்று கொஞ்சம் மூச்சு விட்டாள்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. தன் மனக்கற்பனையை நம்பி எச்சரிக்கைக் கருவியை நிறுத்தியதாக ஊழியரே ஒப்புக்கொண்டிருப்பதால், விபத்துக்கு முழுப்பொறுப்பு அவருடையதே, நிர்வாகத்தில் எவருக்கும் இதில் தொடர்பில்லை, வேலைநீக்கம், போலீசுக்கும் நகல்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பிரசீதாவின் வீட்டுக்கு ஓடினாள்.

"கற்பனைண்ணா உத்தரவுல்லியா, மக்கா?"

"இவிட உத்தரவு. மெட்ராஸ்ல அது சொப்பனம் மாதிரியாக்கும் சேச்சி." பிரசீதாவின் கண்கள் கலங்கியிருந்தன. "நான் வக்கீல் சார போன்ல விளிச்சுச் சொன்னேன். ஃபைல் மூடியாச்சுண்ணு போன வச்சுட்டாரு."

போலீஸ் ஜீப் உண்மையாகவே வந்தது. ஜாமீன் கிடைத்தது. ஆனால் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பெயர் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், கையோடு கொண்டுபோன அந்தச் சேலைப் பையை அவள் இறுக்கிக்கொள்வாள். அதைவிடப் பயமான காரியம் ஒன்று மிச்சமிருந்தது. பெருங்கடவிளையில் ஷெமியின் வீடு. அங்கே போக அவளுக்கு நாலு மாதம் பிடித்தது.

ஷெமி முற்றத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டாள்.

"மாமியா? இரியுங்க. மாமி, அன்னைக்கு எல்லாரும் ஓடினாங்களே, எனக்கு மட்டும் அலாறம் கேக்கவே இல்ல. காதும் போச்சோண்ணு ஆஸ்பத்திரில நோக்கச் சொன்னேன். காதுக்கு ஒரு கொழப்பமும் இல்லியாம்."

ரெபேக்காளால் உட்கார முடியவில்லை.

"அது அடிக்கல, மக்கா. நான் நிறுத்திப் போட்டேன்."

ஷெமி முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"ஆரு சொல்லி?"

"வி.பி. சாரு."

"எழுதிக் குடுத்தியளா?"

"பேரு எழுதல்ல. பேடிச்சுப் போனேன்."

ஷெமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு மெல்ல, "எனக்கும் பேடியாக்கும் மாமி. அடுப்பு பக்கத்துல போகக்கூட. ஆனா நீங்க போய் எழுதணும்" என்றாள்.

மறுநாளே ரெபேக்காள் ஒரு வக்கீலைக் கொண்டு வி.பி. சாரின் முழுப்பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, புதிய வாக்குமூலம் எழுதி, ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கொடுத்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. காலம் கடந்த வாக்குமூலம், சாட்சி இல்லை என்றார்கள். கம்பெனிக்கு அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. வி.பி. சார் எல்லா ஆலைகளுக்கும் தலைவராக உயர்ந்தார். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நீண்டது. ரெபேக்காள் பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து, கடையில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

'அக்கா, என் பேர் அமிர்தா. நான் கம்பெனியோட தூத்துக்குடி ஆலையில சூப்பர்வைசர். டிரெயினிங்ல உங்க பேரப் போட்டுக் காட்டி, இப்படி இருக்காதீங்கன்னு சொல்வாங்க. உங்க நம்பர் பிரசீதா மேடம் குடுத்தாங்க. இன்னைக்கு எங்க அலாரத்த நிறுத்தச் சொல்லி சென்னையிலேர்ந்து போன். எழுத்துல குடுங்கன்னு கேட்டேன், வச்சுட்டாங்க. உள்ள நாப்பது பேர் இருக்காங்க. சாவி என் கையில இருக்கு. பயமா இருக்குக்கா. என்ன செய்யணும், சீக்கிரம் சொல்லுங்க.'