ஈயச்சொம்பின் வெப்பக் கொள்ளளவு

அண்ணி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது அவள் வாய்க்கு ரசம் மட்டும்தான் பிடித்தது. பாத்திரங்களைத் தலையில் சுமந்து தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக விற்றுவந்த ஒருவரிடம் அண்ணன் ஓர் ஈயச்சொம்பு வாங்கிக் கொடுத்தான்.

நான் லிந்துலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள் ரசத்தைக் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணி, சீனி போட்டீங்களா?"

"சீனியா? நல்லா புளியத்தான் கரைச்சேன். இந்தச் சொம்புல வச்சா லேசா இனிப்புத் தட்டுது. உங்க அண்ணனும் அதான் சொல்றாரு."

இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த மாதம் அண்ணியால் கொழுந்தெடுக்கப் போக முடியவில்லை. வயிற்றை முறுக்கியது. முகம் வெளிறியது. கூடைக் கயிற்றை இழுத்துப் பிடிக்க விரல்களில் வலுவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாரம் வகுப்பில் பளிங்குத் திண்மங்களின் வெப்பக் கொள்ளளவு பற்றிய பாடம். பழைய பௌதிகத்தின் கணக்கு எளிமையானது. திண்மத்தில் எந்த அணுவாக இருந்தாலும் மூன்று திசைகளிலும் அதிரும். வெப்பத்தில் எல்லா அணுவுக்கும் ஒரே பங்கு. கனமான அணு என்றால் ஒரு கிராமில் அணுக்கள் குறைவு, அதனால் அந்த ஒரு கிராம் கொள்ளும் வெப்பமும் குறைவு. அலுமினியம், செம்பு, வெள்ளீயம் என்று பலகையில் எழுதிக்கொண்டே வந்தவள், 'ஈயம்' என்று எழுதியதும் நின்றுவிட்டேன்.

பாடப்புத்தகத்தில் ஈயம் என்றால் காரீயம், நஞ்சு. ரசம் வைப்பது வெள்ளீயத்தில். எங்கள் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே பெயர். புளிப்புப் பட்டால் காரீயம் கரையும், கரைந்தால் இனிக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு துண்டு வேண்டும் என்று நான் கேட்க, சனிக்கிழமை அண்ணன் இரும்பறுக்கும் வாளால் சொம்பின் விளிம்பை அறுத்தான். "புதுச் சொம்புங்க, ஏங்க வெட்டுறீங்க?" என்று அண்ணி படுத்தபடியே கேட்டாள். அவன் அறுத்த துண்டை என்னிடம் நீட்டினான்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் நூறு கிராம் துண்டைக் கொதிநீரில் தொங்கவிட்டேன். எங்கள் மலையின் உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்றைந்து பாகையிலேயே கொதித்துவிடும். துண்டை எடுத்து, சட்டென்று துடைத்து, கலோரிமானியில் இருந்த நூறு கிராம் குளிர்நீரில் இறக்கினேன். வெள்ளீயமாக இருந்தால் நீரின் வெப்பநிலை நான்கு பாகைக்குக் கிட்ட ஏற வேண்டும். இரண்டில் நின்றது. இன்னும் ஏறட்டும் என்று கலக்கிக்கொண்டே இருந்தேன். ஏறவில்லை. மறுபடி செய்தேன், மூன்றாம் முறையும் செய்தேன். அடர்த்தியையும் அளந்தேன். அதுவும் காரீயம் என்றே சொன்னது.

வாசலில் நின்ற அண்ணன், "என்னா சொல்லுது?" என்றான்.

"அண்ணிய இப்பவே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அண்ணே."

"புள்ளைக்கு?"

எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் காட்டத் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் நானும் அண்ணனும் லயத்தில் வீடு வீடாகப் போனோம். இன்னும் நான்கு வீடுகளில் அதே சொம்பு இருந்தது. மூன்று வீட்டில் உடனே கொடுத்துவிட்டார்கள். நான்காவது வீட்டில் அடுப்பில் ரசம் நுரைகட்டிக் கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா என்னை உள்ளே விடவில்லை.

"ரெண்டு மாசமா இதுலதான் வைக்கிறோம். யாருக்கு என்னா ஆச்சு, டீச்சர்?"

அவளுடைய சின்ன மகள் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் காட்டினேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் தோட்டத்து மருத்துவச்சி போய்ப் பேசிய பிறகே சொம்பு வெளியே வந்தது.

விற்றவரைத் தேடிக் கந்தப்பளை வரை அலைந்தோம். அகப்படவில்லை. எத்தனை லயங்களுக்குள் போயிருப்பாரோ.

இரத்தத்தில் ஈயம் அதிகம் என்றே முடிவு வந்தது. சிகிச்சையில் அண்ணியின் வயிற்றுவலி போனது, விரல்களுக்கும் வலு திரும்பியது. மகன் ஒரு மாதம் முந்திப் பிறந்தான். இப்போது ஒன்றரை வயது. நடக்கிறான், சிரிக்கிறான். இன்னும் ஒரு சொல் பேசவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான். அண்ணி ஒரு நாளில் எத்தனையோ தடவை அவனைக் கூப்பிடுகிறாள்.