வட்டத்துக்குள் ஒரு பலாமரம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன், எழுதுவது அதைவிடக் கஷ்டம். ஆனால் ரப்பர் முத்திரை குத்திய அட்டையில் மை கலங்காமல் வர்ணம் பூசுவது எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் தடுமாறாமல் சொல்வேன். ஒன்பது வயதில் பிடிவாதத்தால் கற்றுக்கொண்ட வித்தை அது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் என்று ஒரு புல்லுக் கொட்டகை இருந்தது. கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த டீச்சரம்மா ஒருவர் அங்கேயே தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குச் சிலேட்டும் துணியும் அனுப்பிய தூர தேசத்து வீடுகளுக்கு, அவர்களுடைய மார்கழிப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை செய்து அனுப்ப வேண்டும் என்று அந்த வருஷம் அவருக்குத் தோன்றியது. சேலத்தில் ஒரு முத்திரை செய்து வாங்கி வந்தார். மரப்பிடி, அடியில் ரப்பர். அதை ஊதா மை ஊறிய தட்டில் அமுக்கிக் கெட்டிக் காகிதத்தில் குத்தினால், ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஒரு பலாமரமும் விழும். அடிமரத்தில் மூன்று காய்கள்கூடத் தெரியும். வர்ணம் பூசுவது பிள்ளைகளின் வேலை.

நான் பிரஷ்ஷைத் தண்ணீரில் நன்றாக முக்கி, பச்சையைத் தொட்டு மரத்தின் மேல் வைத்தேன். ஊதா மை கரைந்து பச்சைக்குள் ஓடியது. என் மரம் அடிபட்ட முழங்கால்போலக் கன்றிப்போனது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, “உம் மரத்துக்குக் காச்சலா புள்ள?” என்றாள். கொட்டகையே சிரித்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த மையா நானா என்று பார்த்துவிடுவது.

டீச்சரம்மா திட்டவில்லை. மை நன்றாகக் காய வேண்டும், பிரஷ்ஷில் ஈரம் அதிகம் கூடாது, கோட்டைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி நடுவிலிருந்து பூசி வர வேண்டும் என்று சொல்லி வேறொரு அட்டை குத்திக் கொடுத்தார். உடைந்த பீங்கானில் கொஞ்சம் வர்ணமும் குழைத்துக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாளில் முடித்து வா என்றார். சொன்னபடியே ஒரு காய்க்குப் பூசிப் பார்த்தேன். மை கலங்கவில்லை. ஆனால் கோட்டுக்கும் வர்ணத்துக்கும் நடுவில் வெள்ளையாக இடைவெளி விட்டது. ஆள் இளைத்த பிறகு தொளதொளக்கிற சட்டைபோல இருந்தது.

வழி கிடைத்தது ஓடையில். அப்பன் எடுத்துவந்த தேனைப் பிழிந்த துணியை அம்மா அலசிக்கொண்டிருந்தாள். மெழுகு ஒட்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடியது. நான் ஒரு துண்டு மெழுகைக் கேட்டு வாங்கி, சிலேட்டுக் குச்சிபோலக் கூராகச் சீவி, அட்டையில் காய்ந்திருந்த ஊதாக் கோடுகளின் மேல் ஒவ்வொன்றாக மெல்லத் தேய்த்தேன். காயின் மேல் புள்ளி புள்ளியாகவும் வைத்தேன். பிறகு துணிந்து ஈரப் பிரஷ்ஷை வைத்தேன். வர்ணம் கோடுவரை வந்து, கோட்டைக் கண்டதும் ஒதுங்கி நின்றது. முதலில் மஞ்சள், மஞ்சள் காய்வதற்குள் ஓரத்தில் ஒரு சொட்டுப் பச்சை. இரண்டும் தாமாகவே கூடிக்கொண்டன. மெழுகுப் புள்ளியெல்லாம் வெள்ளை முள்ளாக நின்றன. நிஜப் பலாக்காய்.

அதை அப்பன் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வெள்ளாமைக் காட்டுக்கு மேல் சரிவில் ஒரு பலாமரம் இருந்தது, அப்பனுடைய பாட்டன் வைத்தது. அதற்கு முந்தின வருஷம் காட்டிலாகாக்காரர்கள் வந்து, சர்க்கார் காட்டுக்கு எல்லை என்று வரிசையாகக் கல் நட்டார்கள். மரமும் சரிவும் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அப்பன் நியாயம் கேட்டதற்கு, அவர்கள் ஒரு காகிதத்தைப் பிரித்து அதன் அடியில் இருந்த ஊதா வட்டத்தைக் காட்டி, சீல் இருக்கிறது பார் என்றார்களாம். அப்பன் கையில் சீல் குத்திய காகிதம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வருஷம் பலாப்பழம் கிடைக்கவில்லை என்பதுதான்.

அப்பன் என் அட்டையை வாங்கினார். நான் பாடுபட்டுப் பூசிய வர்ணத்தைப் பார்க்கவில்லை. வட்டத்தின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தச் சீல யாரு கண்ணு குத்துனது?”

“டீச்சரம்மாங்கப்பா.”

“அவங்களுக்குச் சீல் குத்தற அதிகாரம் இருக்குதா?”

நான் யோசித்தேன். முத்திரையை டீச்சரம்மா பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அதனால், “இருக்குதுங்கப்பா” என்றேன்.

மறுநாள் அப்பன் என்னைச் சரிவுக்குக் கூட்டிப்போய்க் கல்லுக்கு இந்தப் பக்கமே நிறுத்திக் காட்டினார். மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, பக்கத்தில் ஓடை, பாறை. இதே மாதிரிச் சீல் குத்தி எனக்கும் ஒன்று எழுதித் தா, எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்றார். கல்லை மட்டும் மரத்துக்கு அந்தாண்டை எழுதச் சொன்னார். கல் மரத்துக்கு இந்தாண்டைதானே இருக்கிறது என்றேன். “அது தப்பா நிக்குது சாமி. நீ சரியா எழுது” என்றார்.

பள்ளிக்கூடத்தில் அதுவரை கேள்வி கேட்டால்கூட வாய் திறக்காத நான், அன்றைக்கு டீச்சரம்மா முன்னால் போய் நின்று, அப்பனுக்கு ஒரு அட்டை வேண்டும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, இருப்பதில் நல்ல காகிதமாகப் பார்த்து அழுத்தமாகக் குத்திக் கொடுத்தார்.

இரண்டு நாள் காய வைத்தேன். பூசிய நாளெல்லாம் அப்பன் காட்டு வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே குந்தியிருந்தார். வட்டத்துக்கு வெளியே ஓடையைத் தண்ணீர் விட்டு விட்டு நீலத்தில் இழுத்தேன். வெளிச்சம் படுகிற பக்கம் பாறையை வெள்ளையாகவே விட்டேன். அந்தாண்டை, சின்னதாக ஒரு கல்.

“மழையில கரையுமா கண்ணு?”

“கரையாதுங்கப்பா.”

நம்பாமல், வாழை இலையில் தண்ணீர் மொண்டு வட்டத்தின் மேல் சொட்டச் சொன்னார். சொட்டினேன். முத்தாக உருண்டு விழுந்தது. அப்பன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்குமுன் கண்டதில்லை. என் மெழுகு வித்தையின் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

நோம்பிக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டி, அட்டையை வாழைச்சருகில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, முள்ளுக்குறிச்சிக்கு இறங்குகிற பாதையில் அப்பன் கிளம்பினார். அங்கிருந்து காட்டிலாகா ஆபீசுக்கு இன்னும் வெகுதூரம் நடை.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் தூறலோடு திரும்பினார். என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டாள். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஓடையின் நீலம் நனைந்து பரவியிருந்தது. வட்டம் அப்படியே இருந்தது.

“பச்ச நல்லாருக்குதுன்னாங்க கண்ணு. ஒருத்தரு மாத்தி ஒருத்தரு வாங்கிப் பாத்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

“சீலு கரையலீங்களாப்பா?”

“கரையல.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆபீஸ்காரர்கள் எல்லாரும் சிரிக்கிற அளவுக்கு என் படம் பிடித்துப்போயிருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மரத்துக்குக் காய்ச்சலா என்று கேட்டவளுக்கு இரண்டு தடவை சொன்னேன். டீச்சரம்மா மட்டும் என்னைக் கூப்பிட்டு, அப்பா அட்டையை எங்கே கொண்டுபோனார் என்று மறுபடி கேட்டார். சொன்னேன். கையில் இருந்த முத்திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொன்று குத்தித் தாருங்கள் என்றேன். முதலில் மாட்டேன் என்று தலையாட்டினார். நான் நகரவில்லை. கடைசியில் குத்திக் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இந்தத் தடவை காய்களுக்கு மஞ்சளைக் கூட்டினேன். ஓடையின் கரைகளுக்கும் மெழுகு வைத்தேன். அந்தாண்டைக் கல்லை இன்னும் பெரிதாக, எவர் கண்ணுக்கும் தப்பாதபடி எழுதினேன். முடித்து, காய வைத்து, அப்பனிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

“இதையும் கொண்டுபோய்க் காட்டுங்கப்பா. அதவிட இது நல்லாருக்குது.”

அப்பன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.