சந்தனப் பொட்டும் அரை மில்லிமீட்டரும்

எனக்கு மூக்கை நுழைக்கிற குணம் பிறவியிலேயே உண்டு. அடுத்தவர் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, "இது எதற்கென்று கேட்கக் கூடாது" என்றால் என்ன ஆகும்?

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் போவேன். கேபிள் டிவிக்காரர்களுக்கு மொட்டைமாடி டிஷ் செய்துகொண்டிருந்தோம். பிறகு சந்துக்குச் சந்து ஒருவர் டிஷ் செய்யக் கிளம்பியதில் எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் முதலாளி ஒரு ராணுவ டெண்டர் போட்டார். செயற்கைக்கோள் வழியாக, யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேசுகிற கருவி. பேச்சைப் பூட்டுகிற பெட்டி வேறெங்கோ தயாராகிறது. நாலடி அலுமினிய டிஷ்ஷும், மடக்கி விரிக்கிற காலும் மட்டும் எங்கள் பங்கு. முதலில் மாதிரி ஒன்று செய்து காட்ட வேண்டும். அது தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று முதலாளி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பதினெட்டுப் பேர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கொடுத்த வரைபடத்தில், எங்கே போகிறது என்று எழுதும் கட்டத்தின்மேல் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன், தெரியவில்லை. ஆனால் காலில் வரும் திருகுகளின் தலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். எதற்கு இவ்வளவு பெரிது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. மூன்றாம் நாள், வெல்டர் கையுறையைக் கழற்றாமல் டீ கிளாஸை எடுக்கத் திணறியபோது புரிந்தது. தடித்த கையுறை போட்டவன் திருக வேண்டிய திருகு அது. கடுங்குளிரில் பெயிண்ட் உரியக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. புழுக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைப் படித்தேன். மலைதான், ஆனால் எந்த மலை? யார் யாரோடு பேசுவார்கள்?

ஃபோர்மேன் அண்ணனிடம் கேட்டேன். "உனுக்கு இன்னாத்துக்குமா அது? கோடு போடுற வேலையப் பாரு" என்றார்.

வளைவு அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. குழி விழுந்த இடத்தில் பட்டி பூசி நிரப்பியிருந்தால், மறுபேச்சில்லாமல் டெண்டர் ரத்து. இரண்டையும் நானே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். டிஷ் அருமையாக வந்தது. பெயிண்ட் அடிப்பதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்று, வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வாரம் ஆய்வு அதிகாரி வந்தார். சிரிக்காத மனிதர். வளைவுக்கென்று வெட்டிய தகட்டை டிஷ்ஷின் உள்பக்கம் வைத்து நகர்த்தினார். நடுவில் தகடு தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இன்னும் இரண்டு இடம். விரலால் தடவிப் பார்த்தார்.

"பட்டி பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா?" என்று பேனாவைத் திறந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுதாதீங்க சார்!" என்று கத்தி, பென்சில் சீவுகிற பிளேடால் அந்த மேட்டைச் சுரண்டினேன். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. அவர் அதை விரலில் எடுத்து முகர்ந்தார்.

"சந்தனமா?"

பெயிண்டர் பின்னாலிருந்து வந்தார். "ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு சார். குங்குமம் உதுந்துச்சி. சந்தனம் கல்லாட்டம் காஞ்சி கீது. சாமிக்கு வச்சத எப்டி சார் சொரண்டுறது? அப்டியே மேல அடிச்சிட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அதிகாரி விரலைத் துடைத்துக்கொண்டு, "சாமிக்கும் அரை மில்லிமீட்டர்தான்" என்று சொல்லிவிட்டு, 'மறு ஆய்வு' என்று எழுதினார். நாலு நாள் அவகாசம்.

பெயிண்டை முழுக்க உரித்தோம். சந்தனத்தைப் பெயிண்டரே கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சுரண்டினார். மறுபடி பெயிண்ட் அடித்தோம். ஐந்தாம் நாள் தகடு முழுச் சுற்றும் வழுக்கிக்கொண்டு போனது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். முதலாளி என் எதிரிலேயே அழுதார். போகிற இடத்திலேயே வைத்துச் சோதிப்பதற்காக, டிஷ்ஷை அன்றே மரப்பெட்டிக்குள் வைத்தோம்.

சும்மா இருக்க முடியுமா என்னால்? "சார், இதுல யார் பேசப் போறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது."

அதற்குள் பெயிண்டர் பழக்க தோஷத்தில் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். அதிகாரியைப் பார்த்ததும் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பெட்டிக்கு வைங்க, பரவால்ல. பெட்டியை யாரும் அளக்க மாட்டாங்க" என்றார் அதிகாரி. ஜீப்பில் ஒரு காலை வைத்தவர், திரும்பாமலே சொன்னார். "அங்க பசங்களுக்கு மாசக்கணக்கா ஒரு வாசனையும் கிடையாது. வெறும் பனிதான். வீட்டு ஞாபகம் வந்தா அழுவானுங்க."

என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தனை நாள் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. யார் பேசுவார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், அழுவார்கள் என்று நினைக்கவே இல்லை. பெயிண்டரிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, பெட்டி மூடியின் உள்பக்கத்தில், திறந்ததும் வாசம் வருகிற மாதிரி, கெட்டியாக அப்பினேன்.