மகளிடம் கேட்காத கேள்வி

மகளின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபின், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவதென்று நானும் கணவரும் தினமும் வாக்குவாதப்பட்டோம். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நான் பக்கத்திலுள்ள வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தைச் சொன்னேன். அவருக்குப் பேராதனைதான் வேண்டும்.

ஒருநாள் மாலை, தன்னாமுனையில் வாவியோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "நாம அவளுட்ட ஒருக்காவாவது கேட்டமா?" என்றார் அவர்.

"இல்ல," என்றேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டோம்.

"மாத்தறையில மீன்வளம் படிக்க விருப்பம், அம்மா."

"அவ்வளவு தூரமா, மகள்?"

"ஓம். போய்ப் படிச்சிருவன்."

அதையே முதலில் போட்டோம். இடமும் கிடைத்தது. பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த அன்று இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அவள் தொலைபேசியில் மீன்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.