செகண்ட்ஸு

விரலை மடக்கிக் கோப்பையைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘சொத்’ என்று கேட்டால் அது ‘செகண்ட்ஸு’. எழுபதுகளில், பீங்கான் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த எங்கள் விருத்தாசலம் தெருவில் இந்தத் தட்டல் கேட்காத வீடு கிடையாது. சூளையிலிருந்து கீறலும் கோணலுமாக வந்ததை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிச் சல்லிசாகக் கொடுப்பார்கள். வீட்டாருக்கு அதில்தான் டீ, விருந்தாளிக்கு மட்டும் மேல்தட்டிலிருந்து நல்ல கோப்பை இறங்கும்.

இங்கிலீஷ்காரனின் அந்த வார்த்தை கோப்பையோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? பெயிலான பையன் செகண்ட்ஸு, நொண்டி மாடு செகண்ட்ஸு, சுடவைத்த பழைய குழம்பு செகண்ட்ஸு, மனைவி செத்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளும் செகண்ட்ஸு. என் அம்மாவை அப்பாவின் அக்கா, பெண்ணாடத்து அத்தை, அப்படித்தான் கூப்பிடுவாள். “செகண்ட்ஸு, தண்ணி கொண்டா” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூத்த தாரத்து மகளான அக்காவைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அம்மாதான். அக்காவுக்கு வேப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தத்தன்று காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாரை வார்த்துக்கொடுக்க மேடைக்குக் கிளம்பிய அம்மாவை அத்தை மறித்தாள்.

“தாலி ஏறுற வரைக்கும் செகண்ட்ஸு மேடைக்கு வரக் கூடாது. எந் தம்பி பொண்ணு நல்லா இருக்க வேணாமா? நானும் எங்க வூட்டுக்காரரும் ஒக்காந்துக்கறோம்.”

நாளெல்லாம் பீங்கானைத் தரம் பிரித்துப் பிழைத்த அப்பா, வந்தவர்களை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார். மணக்கோலத்தில் இருந்த அக்கா தலை நிமிரவில்லை. அம்மா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் இலைகளில் உப்பு வைக்க ஆரம்பித்தாள். கெட்டிமேளம் கேட்டதும் அரிசி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, மேடை இருந்த பக்கத்துச் சுவரைப் பார்த்துத் தூவினாள். கூட நின்ற நான் மட்டும்தான் பார்த்தேன்.

இப்போது காகிதக் கப்பில் டீ குடித்துக் கசக்கி எறிகிறோம். தட்டிப் பார்ப்பவரும் இல்லை, அந்த வசைச்சொல்லும் புழக்கத்தில் இல்லை. ஒழிந்தது சனியன். அத்தை செத்தபோது நான் போகவில்லை, அதில் வருத்தமும் இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அண்மையில் வேப்பூர் வீட்டில், அக்காவின் பேத்தி சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டி, “ஆயா, இதுல ஒங்க அம்மாவக் காணோமே, எங்க?” என்று கேட்டாள்.

“சாப்பாட்டுப் பக்கம் வேலையா இருந்தாங்க” என்றாள் அக்கா.

“வேலையா இருந்தாங்களா?” என்றேன். “மேடை ஏற வுடலன்னு சொல்லுக்கா.”